தில்லிக் குளிரில் சுருங்கும் மின் வண்டியின் தூரம்

புது தில்லி: நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் விரும்பிக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, மின்சார வாகனங்களுக்கு மத்திய அரசு இதுவரை எவ்வளவு மானியம் வழங்கியுள்ளது என்பதாகும். கனரகத் தொழில் துறையிடமிருந்து மாநில வாரியான பட்டியலுடன் பதில் வந்துவிடும். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்திருக்கும்; மேசைகள் தட்டப்படும். அதே டிசம்பர் காலையில், அவைக்கு வெளியே ரைசினா சாலையிலும் அசோகா சாலையிலும் உணவுப் பொட்டலங்களையும் மளிகைப் பொருள்களையும் சுமந்து செல்லும் இளைஞர்கள் வேறொரு கணக்கில் மூழ்கியிருக்கிறார்கள். இரவு முழுவதும் மின்னேற்றிய பேட்டரி இன்று எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதே அந்தக் கணக்கு. ஏப்ரலில் ஓடிய தூரம் ஜனவரியில் ஓடாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். மானியப் பட்டியலில் அதற்கென ஒரு பத்தி கிடையாது.

இந்த விஷயம் இப்போது வெறும் வாகனப் பராமரிப்புப் பிரச்னையாக இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் இயங்கும் தேசியத் தலைநகர்ப் பகுதிக்கான காற்றுத்தர மேலாண்மை ஆணையம், 2025 ஜூன் மாதம் ஓர் ஆணை பிறப்பித்தது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியிலும் பொருள் விநியோக நிறுவனங்களும் இணையவழி வணிக நிறுவனங்களும் 2026 ஜனவரி 1 முதல் தங்கள் அணியில் பெட்ரோல் அல்லது டீசலில் மட்டும் இயங்கும் இருசக்கர வாகனங்களைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். தில்லி அரசு 2023 நவம்பரில் அறிவித்த திட்டமோ, இத்தகைய நிறுவனங்களின் வாகனங்கள் அனைத்தும் 2030-க்குள் மின்சாரத்துக்கு மாறிவிட வேண்டும் என்கிறது. தலைநகரின் காற்றைச் சுவாசித்தவர்கள் இந்த நோக்கத்தைக் குறை கூற மாட்டார்கள். ஆனால், தேதியைக் கவனிக்க வேண்டும். ஜனவரி முதல் நாள் என்பது தில்லியின் கடுங்குளிர் வாரங்கள் தொடங்கும் நாள். 2021-ஆம் ஆண்டு அதே தேதியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. 2023 ஜனவரி 16-இல் அது 1.4 டிகிரி.

குளிர் என்ன செய்கிறது?

லித்தியம் அயனி பேட்டரிக்குள் மின்னூட்டம் ஒரு திரவ ஊடகத்தின் வழியே நகர்கிறது. குளிர் ஏற ஏற அந்தத் திரவம் கெட்டிப்பட்டு, அயனிகளின் நடமாட்டம் மந்தமாகிறது. உள்ளிருக்கும் மின்தடை கூடுகிறது. 25 டிகிரியில் பேட்டரி தரும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை, ஐந்தாறு டிகிரிக் குளிரில் கிடைக்காமல் போகலாம். லே, கார்கில் போன்று பூஜ்யத்துக்கும் கீழே பல டிகிரி செல்லும் இடங்களில் இழப்பு இதைவிடப் பெரிது.

விநியோக ஊழியர்கள் வார வாடகைக்கு எடுத்து ஓட்டும் சிறிய வண்டியை எடுத்துக்கொள்வோம். 48 வோல்ட், 24 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் அதன் கொள்ளளவு 1,152 வாட் மணி. சுமையோடு, நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 23 வாட் மணி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 50 கி.மீ. ஓடலாம். இதில் 15 சதவீதம் குறைந்தால் ஏழெட்டு கிலோமீட்டர் காணாமல் போய்விடும். காரில் செல்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியே கூலி பெறுபவருக்கு அது இரவு நேரத்து மூன்று நான்கு நடைகள். அதுவும் இரவு உணவு நேரத்தில், நிறுவனம் ஊக்கத்தொகை அறிவிக்கும் வேளையில் வண்டி நின்றால் இழப்பு இரட்டிப்பாகும்.

தூரம் குறைவதைவிடத் தொல்லையான இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த பேட்டரியிலிருந்து ஒரே நேரத்தில் அதிக மின்சாரத்தை இழுத்தால் மின்னழுத்தம் திடீரெனச் சரியும். பேட்டரியைக் காக்கும் மின்சுற்று அதைப் பார்த்து, இருப்பு தீர்ந்துவிட்டதாகக் கருதி இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த வண்டி, மேம்பாலம் ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடுவது இதனால்தான். ஓரமாகத் தள்ளி நிறுத்திச் சில நிமிடம் விட்டால் மீண்டும் புறப்படும். ஏற்றத்தில் விசையை முழுவதுமாக முறுக்காமல், காலையில் முதல் இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் பேட்டரி தன் வேலையாலேயே சற்றுச் சூடாகி இந்தத் தொல்லை குறையும்.

பழியெல்லாம் பேட்டரிக்கே போகிறது. டயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்டோபரில் 34 டிகிரி பிற்பகலில் 30 பவுண்டு காற்று அடித்த டயரில், ஜனவரியில் 6 டிகிரிக் காலையில் ஒரு துளியும் கசியாமலே சுமார் 26 பவுண்டுதான் இருக்கும். காற்று குளிர்ந்து சுருங்குவதே காரணம். தளர்ந்த டயர் சாலையில் அதிகம் உராய்ந்து மின்சாரத்தைத் தின்னும். போதாக்குறைக்குக் குளிர்காற்று அடர்த்தியானது. 40 டிகிரிக் காற்றைவிட 8 டிகிரிக் காற்று ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தி மிக்கது. அதைக் கிழித்துச் செல்லவும் கூடுதல் சக்தி வேண்டும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை காற்று பார்த்துக்கொண்டால், இழந்த கிலோமீட்டரில் ஒரு பகுதி செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும்.

மோட்டார் வாகனம் அல்லாத வாகனம்

இந்தச் சிறிய வண்டிகளின் சட்ட நிலை விசித்திரமானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. எனவே பதிவு எண் இல்லை, ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, காப்பீடு கட்டாயமில்லை. கிராமத்திலிருந்து வந்து இறங்கிய இளைஞன் மறுநாளே வேலையில் சேரலாம் என்பதால், விநியோகத் தொழிலில் இந்த வண்டிகள் பெருகின. கடைசிப் பயன் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை.

மறுபக்கம், மோட்டார் வாகனம் அல்லாத ஒன்று அரசின் கண்ணிலும் படுவதில்லை. 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடைமுறையில் இருந்த இரண்டாம் கட்ட 'ஃபேம்' திட்டம், குறைந்தது 80 கி.மீ. தூரமும் 40 கி.மீ. வேகமும் உள்ள இருசக்கர வாகனங்களுக்கே மானியம் அளித்தது. பதிவு செய்யப்படாதவை 'வாகன்' இணையதளத்தின் எண்ணிக்கையில் வருவதில்லை. ஆக, அவையில் வைக்கப்படும் பட்டியல் பெரும்பாலும் அலுவலகம் செல்பவரின் ஸ்கூட்டரைப் பற்றியது. தில்லிக் குளிரில் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வண்டிக்கு அதில் இடமில்லை.

பதிவாகும் ஸ்கூட்டர்களின் நிலையும் முழுத் திருப்தி தருவதல்ல. தில்லிச் சாலைகளில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் கணிசமானவை ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகளில் உருவானவை என்பதில் தமிழக வாசகர் பெருமைகொள்ளலாம். ஆனால் ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் என்று சான்றிதழ் சொல்லும் தூரம், வரையறுக்கப்பட்ட ஓட்ட முறையில் அளந்த ஒரே எண். சென்னையில் வாங்குபவருக்கும் அமிருதசரஸில் வாங்குபவருக்கும் அதே எண்தான் காட்டப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரக் குறியீடு வைத்த நாட்டில், 5 டிகிரியில் எவ்வளவு தூரம் என்று இன்னொரு எண்ணை அச்சிடச் சொல்வது பெரிய காரியமல்ல.

பேட்டரியை எங்கே வைப்பது?

குளிர்காலப் பராமரிப்பில் முதல் விதி, பேட்டரியை இரவில் வெளியே விடக் கூடாது என்பது. கழற்றி எடுத்து வீட்டுக்குள் வைத்தால் காலையில் அது அறை வெப்பநிலையில் இருக்கும். இரண்டாம் விதி, வண்டியை நிறுத்தியதும், ஓடிய சூடு முழுவதும் ஆறிப் போவதற்குள் மின்னேற்றத் தொடங்குவது. உறைநிலைக்கு அருகில் உள்ள பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் உள்ளே போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மேற்பரப்பில் உலோகப் படலமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பச் சரியாவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே மின்னேற்றவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. வெளியே கிடந்து குளிர்ந்த பேட்டரியை ஒரு மணி நேரமாவது உள்ளே வைத்திருந்து, மேலே படியும் நீர்த்திவலைகளைத் துடைத்த பிறகே சார்ஜரில் இணைக்க வேண்டும்.

விதிகள் சரி; அவற்றைப் பின்பற்ற வீடு வேண்டுமே. சங்கம் விஹாரிலும் முனிர்க்காவிலும் ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்கும் இளைஞர்களுக்கு 'வீட்டுக்குள்' என்பது அவர்கள் படுத்துறங்கும் இடம். லித்தியம் பேட்டரியாவது பத்து கிலோ அளவில் இருக்கும். பழைய ஈய அமில பேட்டரிகள் நான்கும் சேர்ந்து கால் குவிண்டால் எடை. மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் சென்றாலும், உறங்கும் அறையில் மின்னேற்றுவது பாதுகாப்பானதல்ல. 2022 மார்ச் மாதம் வேலூரில் இரவில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாதில் மின் ஸ்கூட்டர் விற்பனைக் கூடத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடி விடுதிக்குப் பரவி 8 பேர் பலியாயினர்.

இச்சம்பவங்களுக்குப் பிறகே பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.-156 தரவிதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. எளிதில் தீப்பிடிக்காத லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்குப் பல நிறுவனங்கள் மாறின. பாதுகாப்பில் இது முன்னேற்றம். ஆனால், குளிரில் மற்ற வகைகளைவிட அதிகம் சோர்ந்துபோவதும் அந்த வகையே என்பது ஒரு முரண். மோட்டார் வாகனம் அல்லாத சிறு வண்டிக்கு மோட்டார் வாகனத் தரவிதியின் பாதுகாப்பு எந்த அளவுக்குக் கிடைக்கும் என்ற கேள்வியும் நிற்கிறது.

தில்லி அரசின் 2020 ஆகஸ்ட் கொள்கையில் மின்னேற்று வசதி மறக்கப்படவில்லை. புதிய கட்டடங்களின் வாகன நிறுத்துமிடங்களில் 20 சதவீதம் மின்னேற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றும், தனியார் மின்னேற்று முனை ஒன்றுக்கு ரூ.6,000 வரை மானியம் என்றும் அது கூறியது. வாகன நிறுத்துமிடம் உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஒரு முழ அகலச் சந்துகளில் அது யாருக்குப் பயன்படும்? அங்கே மாடியிலிருந்து தொங்கவிட்ட நீட்டிப்புக் கம்பியும், பனியில் நனைந்த பிளக்கும்தான் மின்னேற்று நிலையம். வண்டி எதில் ஓட வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஆணையிடும் அரசு, அதற்கு எங்கே மின்னேற்றுவது என்பதையும் நிறுவனத்தின் பொறுப்பில் சேர்த்திருக்கலாம். மளிகைக் கிடங்குகளின் வாசலில் ஒரு கூரையும் பத்து மின்னேற்று முனைகளும் அமைக்கும் செலவு, அந்த நிறுவனங்கள் ஒரு நாள் செய்யும் விளம்பரச் செலவுக்கு முன் சிறியதே.

பேட்டரியை மாற்றிக்கொள்ளும் நிலையங்கள் இதற்கு ஒரு விடை. தீர்ந்ததைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிச் செல்லும் ஊழியருக்கு, குளிரில் தூரம் குறைந்தாலும் ஓர் இரவு முழுவதும் வீணாவதில்லை. படுக்கையறையில் சார்ஜர் வைக்கவும் வேண்டாம். 2022 பட்ஜெட்டில் இதற்குத் தனிக் கொள்கை அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் நீதி ஆயோக் வரைவை வெளியிட்டது. 2025 ஜனவரியில் மின்துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் மூன்று குளிர்காலங்கள் கடந்திருந்தன. வரியிலும் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. மின் வாகனத்துக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே பேட்டரியைப் பழுதுபட்டபின் தனியாக வாங்கினால் 18 சதவீதம். வண்டியில் விலை மிகுந்த பாகம் அதுதான் என்பதை வரி மன்றத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூடுபனியில்

ஓட்டுவதில் உள்ள ஆபத்து தனிக்கதை. பார்வைத் தொலைவு 50 மீட்டருக்குள் சுருங்கினால் அதை மிக அடர்ந்த மூடுபனி என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. 25 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 7 மீட்டர் கடக்கிறது. பின்னால் வரும் லாரிக்கு அதைப் பார்க்கவும் முடியாது, சத்தமில்லாத வண்டி என்பதால் கேட்கவும் முடியாது. இந்தச் சிறு வண்டிகளின் முன்விளக்கு பெரும்பாலும் பெயருக்குத்தான். பின்பக்கப் பெட்டியிலும் முன்சக்கரக் கவசத்திலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டுவதும், தலைக்கவசத்தைச் சட்டம் கேட்காவிட்டாலும் அணிவதும் அவசியம். பனி ஈரமும் தில்லித் தூசியும் சேர்ந்து பிரேக் கம்பியில் கெட்டியான பசைபோல் படியும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் இட வேண்டும். பேட்டரி முனைகளில் பச்சை பூக்காமலிருக்க, இணைப்பைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, மின்முனைகளுக்கான களிம்பைத் தடவலாம். உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவுவது கூடாது. கைப்பிடிகள் மேல் தில்லிக்காரர்கள் மாட்டும் ரெக்சின் உறை அழகாக இராது. ஆனால் விறைத்த விரல்களால் பிரேக்கை நேரத்துக்குப் பிடிக்க முடியாது என்பதால் அதைவிடப் பயனுள்ள பாகம் குளிர்காலத்தில் வேறில்லை.

மாநிலங்களவையில் 2025 குளிர்காலக் கூட்டத்தொடரின்போது ராகவ் சத்தா, பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுசேர்க்கும் போட்டி இந்த ஊழியர்களை எப்படி வதைக்கிறது என்று பேசினார். டிசம்பர் 31 அன்று ஊழியர்களின் வேலைநிறுத்தமும் நடந்தது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஐந்தாண்டுக்குப் பின், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்துள்ளது. இணையவழி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இந்த ஊழியர்களின் நலனுக்குச் செலுத்த வழிசெய்கிறது அது. நீதி ஆயோக்கின் 2022 அறிக்கை, 2020-21-இல் 77 லட்சமாக இருந்த இத்தகைய தொழிலாளர்கள் 2029-30-இல் 2.35 கோடியாவார்கள் என்று மதிப்பிட்டது. விபத்து, மருத்துவம் என்று அந்த நிதியின் பயன்களைப் பட்டியலிடுபவர்கள், வண்டியையும் பேட்டரியையும் தொழிற்கருவியாகக் கருதிச் சேர்ப்பார்களா என்பது இனிதான் தெரியும்.

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 2015 டிசம்பர் 21 அன்று, குளிர்காலக் கூட்டத்தொடரின்போது, எம்.பி.க்கள் பயணம் செய்வதற்கென்று லித்தியம் பேட்டரியில் ஓடும் பஸ் ஒன்றைப் பிரதமர் மோடி அப்போதைய மக்களவைத் தலைவர் சுமித்ரா மகாஜனிடம் நாடாளுமன்ற வளாகத்தில் ஒப்படைத்தார். அந்த பஸ்ஸுக்கு நிறுத்தக் கூரை இருந்தது, மின்னேற்ற இடம் இருந்தது, பராமரிக்க ஆள் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் குறைந்த தூரம் தானாகவே திரும்பி வந்துவிடும். குளிரால் மட்டும் ஏற்படும் இழப்பு நிலையானதல்ல. திரும்பாதது, குளிர் மாதங்களில் தவறாக மின்னேற்றியதால் ஏற்படும் காயம். ஈய அமில பேட்டரிக்குக் குளிரில் வழக்கத்தைவிடச் சற்று அதிக மின்னழுத்தம் தேவை. மலிவான சார்ஜருக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரவுதோறும் அரைகுறையாக நிரம்பும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிக்கொண்டே போகும். அது வெளியே தெரிவது ஏப்ரலில், மே மாதத்தில். அப்போது வாடகை வண்டியின் பேட்டரி செயலிழந்தால், பழுதுக்குக் காரணம் கடைசியாக ஓட்டியவரா, ஜனவரி மாதமா என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை, முன்பணத்தில்தான் கழிக்கப்படும்.